எந்தக் காற்றுக்கு எந்தக் கடல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை வந்தால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து குடும்பங்கள் வேன் பிடித்துக் கடலுக்குக் கிளம்புகின்றன. தொண்டியா, அரியமானா என்று பேசி முடிவெடுப்பவர்கள் அது என்ன காற்று மாதம் என்று பார்ப்பதில்லை.

இரண்டும் பாக் நீரிணைக் கரைகள். இலங்கை குறுக்கே கிடப்பதால் பெருங்கடல் அலை இங்கே வந்து சேராது, ஆழமும் குறைவு. இராமேசுவரத்தில் இதைப் பெண்கடல் என்றும், தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பிள்ளைகளை இறக்கிக் குளிப்பாட்டப் பெண்கடல்தான் தோது. ஐப்பசி முதல் மார்கழி வரை மட்டும் வாடை எனும் வடகிழக்குக் காற்று கரையைப் பார்த்து அடிக்கும். கலங்கிய தண்ணீரில் காலடி தெரியாது, அப்போது இறங்க வேண்டாம்.

ஆனி, ஆடியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும். ஏமாற்றுவது அதுதான். காற்றடைத்த டியூபில் உட்கார்ந்த பிள்ளையைக் காற்று வெளியே தள்ளும். நன்றாக நீந்துபவராலும் எட்டிப் பிடிப்பது கடினம். டியூபில் கயிறு கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் பெரியவர் கையில் அதன் நுனி இருக்க வேண்டும். பந்து போனால் போகட்டும், பின்னால் போகாதீர்கள். முழங்கால் ஆழம்தானே என்று நெடுந்தூரம் நடப்பவர்கள் படகு வரும் வழியில் சட்டென்று ஆழத்தில் இறங்கிவிடுவதும் உண்டு. படகு கட்டியிருக்கும் இடத்தை விட்டுத் தள்ளிக் குளியுங்கள்.

சேற்றுத் தரையில் திருக்கை மீன் படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் விலகிப் போய்விடும். முள் குத்தினால், பொறுக்கும் அளவு சூடான நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆழப் பதிந்த முள்ளை நீங்களே பிடுங்காதீர்கள். சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்ட இடத்தைக் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும்.

அலைச்சறுக்குக்குப் பலகையோடு தொண்டி வருவது வீண் செலவு. அதற்குச் சென்னைப் பக்கத்துக் கோவளம், மாமல்லபுரம் போக வேண்டும். தனுஷ்கோடியில் அலை இருக்கிறது, இழுக்கும் நீரோட்டமும் இருக்கிறது. அங்கே பார்ப்பதோடு சரி.

தூண்டில் போடுபவர்களுக்கு மெல்லிய தங்கூஸ் (நைலான் நரம்பு), சிறு தூண்டில் முள், சிறு ஈயம், இறால் துண்டு போதும். கரையோரம் கிழங்கான் மீன் கடிக்கும். கெளுத்தி மாட்டினால் கையால் பிடிக்க வேண்டாம். முதுகிலும் பக்கத் துடுப்புகளிலும் உள்ள முள் விஷமுள்ளது. குறடால் பிடித்துக் கழற்றுங்கள். அறுந்த தங்கூஸைக் கடலில் விடாதீர்கள். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடல், 2022 முதல் கடல்பசுப் பாதுகாப்பகம். கடல்பசு மேயும் புல்வெளி அது.

குளிக்கும் இடங்களில் மாவட்ட நிர்வாகம் பெரிதாக எதுவும் கட்ட வேண்டாம். உயரமான கம்பத்தில் ஒரு துணிக்கொடி, அதன் கீழே "கொடி கடல் பக்கம் பறந்தால் டியூப் இறக்காதீர்" என்று ஒரு பலகை, கயிறு கட்டிய மிதவை வளையம் ஒன்று, படகு வழியின் இருபுறமும் சிவப்பு மிதவைகள். கோடை விடுமுறைக்கு முன்னால் இவற்றை வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
தேவகோட்டை