நீல வார் சிலிப்பருக்கு ஒரு நன்றி

போன வாரம் என்ன நடந்தது என்று இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. கையெழுத்துப் போட்டாயிற்று, நான் வேலை பார்த்த பாரின் முதலாளிக்கு இனி நான் ஒரு சென் பாக்கி கிடையாது, என் பையன் உள்ளே குறட்டை விட்டுத் தூங்குகிறான், எனக்கு அது போதும். மூன்று நாள் அழுது ஓய்ந்துவிட்டு இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆறாம் வகுப்போடு தமிழ் எழுதுவதை விட்டவள் நான்.

நன்றி சொல்ல நிறைய பேர் இருக்கிறீர்கள். ஆனால் முதலில் ஒரு ஜோடி சிலிப்பரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் என்னைப் போல மாடி பாரில் ராத்திரி வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். கடை மூடும் நேரத்துக்கு பஸ் இருக்காது, ஃபெரியும் விடிந்தால்தான். பாலத்தைச் சுற்றிக்கொண்டு அக்கரையில் வீடிருக்கிற பட்டர்வொர்த்துக்கு கிராப் டாக்சி எடுத்தால் அன்றைக்குக் கிடைத்ததில் பாதி அதற்கே போய்விடும். அதனால் நான் படகுத்துறைவரை நடந்து போய், முதல் ஃபெரி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். எட்டு மணி நேரம் ஹீல்ஸில் நின்ற காலோடு அதையே போட்டுக்கொண்டு நடக்க முடியாது, கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வேன். கடைகளுக்கு முன்னால் இருக்கிற அஞ்சடி நடைபாதையில் பாட்டில் துண்டு கிடக்கும், எலி ஓடும், பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கவேண்டும்.

அன்றைக்கு நல்ல மழை. மூடியிருந்த ஒரு கடை வாசலில் மூன்று பெண்கள் மைலோ பிளாஸ்க்கும் டப்பா நிறைய உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிப்பாப்புமாக நின்றுகொண்டிருந்தார்கள். புது ஆட்கள் இல்லை. சர்ச்சில் இருந்து மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை வருவார்கள், பெண்கள் மட்டும்தான் வருவார்கள், கையில் பைபிள் இருக்காது. ஒரு டிஷ்யூ பாக்கெட் கொடுப்பார்கள், அதற்குள் போன் நம்பர் எழுதிய சின்னத் துண்டு மடித்து வைத்திருக்கும். கார்டாகக் கொடுத்தால் முதலாளி கண்ணில் பட்டுவிடும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நாங்கள் மேலே போய் அவர்களைப் போலவே பேசிக்காட்டிச் சிரிப்போம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கும் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு நிற்காமல் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த மூவரில் வயதான ஆன்ட்டி ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் நீட்டினார். பிரித்தால் ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர் செருப்பு, நீல வார், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற அந்த பிளாஸ்டிக் ஊசிகூட இன்னும் எடுக்கவில்லை. பல்லால் கடித்து அறுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன், அளவெடுத்தது மாதிரி இருந்தது. என் சைஸ் எப்படித் தெரியும் என்றேன்.

அந்த மழை ராத்திரி நான் போன பிறகு அஞ்சடி சிமெண்டில் என் ஈரக்கால் தடம் இருந்ததாம். அது காய்வதற்குள் ஆன்ட்டி தன் செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்திலேயே தன் காலை வைத்துப் பார்த்தாராம். "என் காலைவிட ஒரு விரக்கடை சின்னது மா. கடைக்காரன்கிட்ட அஞ்சாம் நம்பர் குடுன்னேன்." அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு மைலோ ஊற்ற ஆரம்பித்துவிட்டார். இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஏன் இந்த வேலை என்ற கேள்வியும் இல்லை.

ஏழு வருஷம் அந்த மாடியில் இருந்திருக்கிறேன். என்னை மேலிருந்து கீழே பார்க்காத ஆள் கிடையாது, ஆனால் எல்லாரும் முட்டியோடு நின்றுவிடுவார்கள். அன்றைக்கு படகுத்துறையில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபெரி வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

உடனே வேலையை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த நம்பருக்கு நான் போன் பண்ண இன்னும் எட்டு மாதம் ஆனது. "வேற வேலையா கிடைக்காது?" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அங்கே அடிப்படைச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் வாங்கிக்கொடுக்கிற ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு கூப்பன், கூப்பனை எண்ணித்தான் காசு. தாமதமாக வந்தால் வெட்டு, உடம்பு சரியில்லை என்று லீவு போட்டால் வெட்டு. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது முன்பணம் வாங்கினேன், அது முதலாளியின் நோட்டில் வளர்ந்துகொண்டே போனது. கதவு பூட்டியிருக்காது, அந்த நோட்டு இருந்தால் பூட்டு தேவையில்லை. கூட வேலை பார்த்த வியட்நாம் பெண்பிள்ளைகள் பாடு இன்னும் மோசம், பாஸ்போர்ட்டே அவர்கள் கையில் இல்லை.

அதனால் மற்றவர்களுக்கும் என் நன்றி. புது ஐசி (அடையாள அட்டை) எடுக்கப் பதிவிலாகாவில் என்னோடு அரைநாள் உட்கார்ந்திருந்த சிஸ்டர், காசு வாங்காமல் அந்த நோட்டை வரி வரியாகப் படித்த வக்கீலம்மா, முதலாளியைப் பார்க்கப் போனபோது வாசலிலேயே நின்ற போதகர் ஐயாவும் இளைஞர்களும், அறை வாடகையை இரண்டு மாதம் கேட்காத சீனத்து அக்கா, விடியற்காலையில் அரசாங்க உதவி எண் 15999-க்கு அடித்தபோது அவசரப்படுத்தாமல் பேசிய மலாய்க்கார அக்கா, பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். தனித்தனியாக எழுதினால் விடிந்துவிடும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மதம் மாறிவிட்டாயா என்று மூன்று பேர் மெசேஜ் போட்டுக் கேட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போகிறேன், பின் பெஞ்சில் உட்காருகிறேன், பாதி நேரம் அழுகிறேன். தைப்பூசத்துக்கு அம்மாவின் நேர்த்திக்கடனுக்காகத் தண்ணிமலை முருகன் கோயிலுக்கும் பால்குடம் எடுத்துக்கொண்டு ஏறினேன். ஆன்ட்டியிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். "வெயில்ல பையனுக்குத் தொப்பி போட்டியா?" என்று கேட்டார். மற்றதை நானும் கடவுளும் பேசிக்கொள்கிறோம், அதற்குள் நீங்கள் வராதீர்கள்.

இப்போது ஒரு கேட்டரிங் சமையலறையில் வேலை. 1,700 வெள்ளி (ரிங்கிட்), 2025-இல் அரசாங்கம் ஏற்றிய அதே குறைந்தபட்சச் சம்பளம்தான், பெரிய காசில்லை. பாரில் இருந்தபோது கூட்டம் நன்றாக இருந்தால் இரண்டு வாரத்திலேயே அதை எடுத்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் மாதச் சம்பளச் சீட்டில் என் முழுப்பெயர் இருந்தது, அப்பா பெயரோடு. மாடியில் ஏழு வருஷமும் எனக்கு வேறு பெயர். இபிஎஃப் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்துவிட்டார்கள் என்று பக்கத்தில் இருந்த அக்கா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கென்று 36 வயதில் பிடித்தார்களே என்று நான் அந்தச் சீட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து நானும் உங்களோடு வந்து நிற்கப்போகிறேன். யாரையும் கூப்பிட்டு அறிவுரை சொல்ல மாட்டேன், எனக்கு அது வராது. மேலே இருக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், எப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத்தான் தெரியுமே.

சிலிப்பர் இன்னும் இருக்கிறது ஆன்ட்டி. இடது வார் அறுந்துபோய் அடியில் ஊக்கு குத்தி வைத்திருக்கிறேன், புதிது வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அப்புறம் ஒரு விஷயம், இத்தனை நாள் சொல்லத் தைரியம் வரவில்லை. உங்கள் கறிப்பாப்பில் உருளைக்கிழங்கு வேகுவதே இல்லை. வெள்ளிக்கிழமைக்கு நான் செய்து எடுத்து வருகிறேன், நீங்கள் மைலோவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.