கோரிக்கை மனு: வீட்டுக்குள் குளியலறையும் மலகூடமும் அமைக்க அனுமதி கோரல்

மாநகர ஆணையாளர் அவர்கள்,
மாநகர சபை,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

வண்ணார்பண்ணையில் அம்மாவின் சீதன உறுதியில் உள்ள இரண்டு பரப்புக் காணியில் நாங்கள் குடியிருக்கிறோம். அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்தபின் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். வீடு எழுபதுகளில் கட்டியது. அக்கால வழக்கப்படி மலகூடம் வளவின் பின்மூலையில் இருக்கிறது. இரண்டு படி ஏறி, குந்தியிருக்க வேண்டிய மலகூடம் அது. அம்மாவால் அங்கே போக இயலாது. அவரது அறையோடு ஒட்டிய சாமான் அறையைக் குளியலறையும் மலகூடமுமாக மாற்ற விரும்புகிறோம். அதற்கான அனுமதியையும், அது தொடர்பில் சில தெளிவுகளையும் கேட்டே இம்மனுவை எழுதுகிறேன்.

வீட்டின் வெளிச்சுவரிலோ கூரையிலோ அத்திவாரத்திலோ கைவைக்கப் போவதில்லை. கதவு நிலையை அகலப்படுத்தி, வாசற்படியை எடுத்து நிலத்தைச் சமப்படுத்த வேண்டும். சக்கர நாற்காலி உள்ளே திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி வெற்றிடம் வேண்டும். அறையில் அது இருக்கிறது. இருக்கும் ஜன்னல் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் போதும். கொமெட், கைபிடிக் கம்பிகள், வழுக்காத தரைஓடு, அவ்வளவுதான். மாற்றுத் திறனாளிகளுக்கான அணுகல் வசதி பற்றிய 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கானவை என்பது தெரியும். ஆனாலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வேண்டும் என்று சட்டம் சொல்லும் வசதி சொந்த வீட்டில் இல்லாதிருப்பது என்ன நியாயம்?

உள்வேலை இவ்வளவே. சிக்கல் கழிவு எங்கே போகிறது என்பதில்தான்.

இப்போதுள்ள மலக்குழி அடி போடாத குழி. கல்லடுக்கிய பக்கங்கள், கீழே வெறும் நிலம். எங்கள் கிணற்றுக்கும் அதற்கும் முப்பது அடிகூட இல்லை. அக்காலத்தில் இப்படித்தான் கட்டினார்கள். இந்நகரின் பல பழைய வீடுகளில் இன்றும் இப்படித்தான். புதிய மலகூடத்தின் குழாயை இந்தக் குழியில் கொண்டுபோய் விடுவது மிக மலிவான வழி. வேலைக்கு வந்து பார்த்த மேசன் சொன்னதும் அதுதான். வேறு குழி வேண்டும் என்றேன். "உள்ளுக்கை செய்யிற வேலைக்கு ஆரும் பெர்மிஷன் எடுக்கிறேல்லை அக்கா, சனி ஞாயிறிலை கிடங்கை வெட்டி மூடிவிடுவம்" என்றார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அனுமதி எடுக்கப் போனால் அலைச்சல், எடுக்காமல் செய்தால் யாரும் கேட்கப் போவதில்லை என்ற எண்ணம் ஊரில் பரவியிருக்கிறது. அதன் விளைவு தரைஓட்டில் தெரியாது, கிணற்றில்தான் தெரியும்.

தங்களுக்குத் தெரியாததல்ல. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கும் மழைநீரைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். வீடு வீடாகக் கழிவைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியும் எங்கள் பகுதியில் இல்லை. ஆகவே குழிக்குள் போவது எல்லாம் கல்லுக்குள்தான் போகிறது. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். மணல் நிலத்தில் அந்த இடைவெளி வடிகட்டிக் கொடுக்கும். வெடித்த சுண்ணாம்புக் கல்லில் ஐம்பது அடியை மட்டும் நம்பியிருக்க முடியாது. மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது குழியும் கிணறும் ஒரே தண்ணீராகிவிடும். மலக்கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் நீரில் சேரும் நைத்திரேற்று, குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது நியமம். யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோட்டப் பகுதிகளில் உரத்தைச் சொல்லலாம். நகருக்குள் உரம் போடும் தோட்டம் எத்தனை இருக்கிறது?

இதனால் அடியும் பக்கமும் நீர் கசியாமல் பூசிய, இரண்டு அறைகள் கொண்ட மலக்குழியை வளவின் முன்பக்க மேற்கு மூலையில் கட்ட எண்ணியிருக்கிறோம். அங்கிருந்து எங்கள் கிணறு எழுபது அடிக்கு மேல். ஆனால் மேற்கு மதிலுக்கு அப்பால் அயல்வீட்டுக் கிணறு இருக்கிறது. அது நாற்பது அடி வருமா என்பதே சந்தேகம். எங்கள் கிணற்றைக் காப்பாற்ற அயலவரின் கிணற்றுப் பக்கம் கழிவைத் தள்ளுவது சரியல்ல. வரைபடத்தில் அவரவர் காணி மட்டும்தான் இருக்கும். மதிலுக்கு அப்பால் கிணறு இருப்பதை நேரில் வந்து பார்ப்பவரே அறிவார். தொட்டி கசியாது என்றாலும் அதிலிருந்து வெளியேறும் நீரை எங்கே விடுவது என்ற கேள்வி இருக்கிறது. ஆழமான ஊறல்குழிக்குப் பதிலாக, ஆழமில்லாத மணற்படுக்கையில் கல்வாழை நட்டு அதில் விடலாமா என்பதைத் தங்கள் உத்தியோகத்தர்கள்தான் சொல்ல வேண்டும். குளிக்கும் தண்ணீர் தனிக்குழாயில் வாழைக்குப் போகும். அது எங்கள் வீடுகளின் பழைய வழக்கம்.

இனி அனுமதி பற்றி. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டப்படி கட்டடத்தில் மாற்றம் செய்யவும் எழுத்து மூல அனுமதி வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமோ, குடியிருப்பு வளவுக்குள் அவ்வீட்டின் தேவைக்காக, புதிய கட்டட வரைபடம் சமர்ப்பிக்க வேண்டியிராத விதத்தில் செய்வதை அனுமதி தேவைப்படும் அபிவிருத்தி நடவடிக்கையாகக் கொள்ளவில்லை. எங்கள் வேலை எந்தப் பக்கம் விழுகிறது? சாமான் அறைக்குள் நடப்பது வரைபடம் கேட்கும் வேலையாக எனக்குத் தோன்றவில்லை. நிலத்தைத் தோண்டிக் கட்டும் மலக்குழிக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் தனித்தனியாக எழுத்தில் பதில் தந்தால் போதும்.

முழு வரைபடமும் வேண்டும் என்று தீர்மானித்தால் இன்னொரு இடர். வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் எங்களிடம் இல்லை. 1995 ஒக்டோபர் 30 அன்று இரவு போரினால் ஊரே வெளியேறியபோது நாங்கள் எடுத்துச் சென்றது உறுதியையும் அடையாள அட்டைகளையும்தான். மாநகர சபையின் கட்டடமே போரில் அழிந்த நகரம் இது. பழைய கோப்பைத் தேடித் தரும்படி தங்களிடம் கேட்பதிலும் பயனில்லை. தகுதியுள்ள படவரைஞர் ஒருவரைக் கொண்டு வீட்டை இப்போது உள்ளபடியே அளந்து வரைந்த படத்தைத் தொலைந்த வரைபடத்தின் இடத்தில் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். எங்களைப் போன்ற இன்னும் பல குடும்பங்கள் இதே நிலையில் இருக்கும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் கிடங்கு வெட்டுவதற்கு முன் ஒரே நாளில் சேர்ந்து வந்து, எங்கள் கிணறு, அயல்கிணறு இரண்டையும் அளந்து இடத்தைக் குறித்துத் தர வேண்டும் என்பது என் முக்கிய வேண்டுகோள். தொட்டி கட்டி முடிந்ததும் மூடி போடுமுன் நீர் நிரப்பி வைப்போம். மட்டம் இறங்குகிறதா என்று பரிசோதகர் வந்து பார்க்கட்டும். வேலை அனுமதிப்படி முடிந்தது என்று மண் மூடியபின் கொடுக்கும் அமைவுச் சான்றிதழில் இது தெரிய வராது. பழைய குழியைக் கழிவு உறிஞ்சும் வண்டியான கலி பவுசரால் இறைத்து, சுண்ணாம்பு தூவி நிரப்பிவிடுவோம். அதையும் அனுமதியின் நிபந்தனையாகச் சேர்க்கலாம். செலுத்த வேண்டிய கட்டணம் அனைத்தையும் செலுத்துவோம்.

வெளிச்சுவரும் கூரையும் மாறாத இத்தகைய திருத்த வேலைகளுக்கு ஒரு பக்கத்தில் அடங்கும் தனி விண்ணப்பப் படிவத்தை ஏற்படுத்துவது பற்றியும் சிந்திக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் கிணறுகளின் தூரத்தையும் குழியின் வகையையும் கட்டாயம் கேட்க வேண்டும். மற்றவை குறைவாக இருந்தால் மக்கள் தாமாகவே வருவார்கள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் கிடங்கு வெட்ட முடியாது, வெட்டினாலும் நீர் ஊறி நிற்கும். ஆகவே அதற்குமுன் களப் பரிசோதனைக்கு நாள் குறித்துத் தருமாறு வேண்டுகிறேன். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், இவ்வாண்டு ஆதன வரிப் பற்றுச்சீட்டு, அம்மாவின் மருத்துவ அறிக்கை, எனக்கு அவர் கையொப்பமிட்டுத் தந்த அதிகாரக் கடிதம், அறையின் மாதிரிப் படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர், காணி உரிமையாளரின் மகள்
வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்.

பிரதி: பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகர்