குப்பியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள சிஸ்டர்களுக்கும், வீடு தேடி மருந்து கொண்டுவரும் தங்கைமார்களுக்கும், மருந்துக்கடைத் தம்பிக்கும், காலையில் தெருவைக் கூட்டவரும் அண்ணன் அக்காமார்களுக்கும் வணக்கம்.

அறுபதைத் தாண்டி சர்க்கரையும் பிரஷரும் மூட்டுவலியும் சுமக்கிறவர்களும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகள்களும் மருமகள்களும் சேர்ந்து எழுதுகிறோம். டாக்டர் சீட்டில் எழுதியதை வீட்டுக்குள் நடத்திக் காட்டியவர்கள் நீங்கள்தான். வெறுமனே நன்றி என்று எழுத மனம் வரவில்லை. நீங்கள் கற்றுக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் எழுதி, மற்ற வீடுகளுக்கும் போகும்படி செய்ய நினைத்தோம்.

முதலில் இன்சுலின் போடச் சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்கு. ஊசியைத் தொடும் முன்பே குப்பியைத் திருப்பி அதிலுள்ள எண்ணைப் படிக்கச் சொன்னீர்கள். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாபோன்ற ஊசிக்கருவியில் போடும் கார்ட்ரிட்ஜ் குழாயில் 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று மாத்திரை அட்டையின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20-ஆம் கோடு வரை இழுத்தாலோ 50 யூனிட் போய்விடும். தூக்கத்திலேயே ஆளை வீழ்த்திவிடுகிற அளவு அது. "சிவப்பு தீர்ந்துபோச்சு, இதை வச்சுக்கோங்க" என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள் என்று நீங்கள் அழுத்திச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

பால்போலக் கலங்கலாக இருக்கும் இன்சுலினைக் குலுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து 10, 15 தடவை மெதுவாக உருட்ட வேண்டும். உருட்டிய பிறகும் அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தால் அந்தக் குப்பி வேண்டாம். ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரை ஒட்டி வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த மருந்து உருகிப் பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்சட்டியில் ஈரமணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டி வைத்து, அதற்குள் குப்பி. பிரித்த தேதியைக் குப்பியிலேயே எழுதி 28 நாளில் மாற்ற வேண்டும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டு, நேற்றுக் குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி இன்று. ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் அங்கே கட்டிபோல் தடிக்கும். அந்த இடம் வலிக்காது என்பதால் கை மறுபடி மறுபடி அங்கேயே போகும். தடித்த இடத்தில் மருந்து ஒரு நாள் ஊறும், ஒரு நாள் ஊறாது. காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறி இறங்குகிற பல வீடுகளில் விஷயம் இதுதான்.

சுகர் இறங்குவதைப் பற்றி நீங்கள் சொன்னதை சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். வயதானவர்களுக்குப் படபடப்பு, நடுக்கம் தெரியாமலே பேச்சுக் குழறும், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், சிலர் எரிந்து விழுவார்கள். வயசாயிடுச்சு, அப்படித்தான் என்று விட்டுவிடாமல் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லி. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அடுத்து, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிற தங்கைமார்களுக்கு. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அந்தத் திட்டம் தொடங்கிய பிறகு, பிரஷர் மாத்திரைக்காக வெயிலில் பஸ் ஏறி வரிசையில் நிற்கிற வேலை எத்தனையோ பெரியவர்களுக்கு இல்லாமல் போனது. மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவதோடு நீங்கள் நிறுத்துவதில்லை. வாசற்படி ஏறியதும் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றாமல், "ஐஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்கம்மா" என்பீர்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும், காபி குடித்து அரைமணி ஆகியிருக்க வேண்டும். புடவை ரவிக்கையின் கைக்கு மேலே பட்டையைச் சுற்றாமல் வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, கை நெஞ்சு உயரத்தில். பார்க்கும்போது பேச்சு கூடாது. குண்டான கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷரை மெஷின் காட்டும். அதை நம்பி ஒரு மாத்திரை கூடிவிடும்.

எழுந்து நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி பார்க்கிறீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. மேல் எண் 20 குறைந்தால் அவர் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழக்கூடியவர். பிராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடும் தாத்தாக்களிடம் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தபின் செய்கிற வைத்தியத்தைவிட இந்த மூன்று நிமிடம் எவ்வளவோ மேல்.

மருந்துக்கடைத் தம்பி, அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் உப்புப் பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, படிக்கப் பழக்கியது நீதானப்பா. இதய டாக்டர் எழுதிய மாத்திரையில் டெல்மிசார்டன் என்ற பிரஷர் மருந்து, சர்க்கரை டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரையிலும் டெல்மிசார்டன்; பெயர் வேறு, கலர் வேறு, மருந்து ஒன்று. இரண்டையும் விழுங்கினால் தலைசுற்றல். எல்லாச் சீட்டையும் ஒரே கவரில் வைத்து எந்த டாக்டரிடம் போனாலும் நீட்டச் சொன்னாய். அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசிவரை விட்டுவைக்கச் சொன்னாய். விழுங்கக் கஷ்டம் என்று சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எஸ்ஆர் மாத்திரையை அம்மியில் நுணுக்காதீர்கள், நாள் முழுக்க மெதுவாகக் கரையவேண்டியது மொத்தமாக இறங்கிவிடும் என்றாய். முட்டிவலிக்குச் சீட்டில்லாமல் வலி மாத்திரை கேட்டவர்களை, பிரஷருக்கு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கு அது கிட்னியைப் பிடிக்கும் என்று திருப்பி அனுப்பினாய். வியாபாரத்தை விட்டுச் சொன்ன வார்த்தை அது.

மாத்திரையைக் குறைத்த டாக்டர் அம்மாவுக்கும் நன்றி. பிரஷருக்கு ஆம்லோடிபின் சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கினால், வீக்கத்துக்கு நீர் மாத்திரை, அதனால் சத்து குறைய அதற்கொரு மாத்திரை என்று சங்கிலி நீளும். நீங்கள் முதல் கண்ணியையே மாற்றினீர்கள்.

படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க வரும் சிஸ்டருக்கும் பிசியோதெரபி தம்பிக்கும்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுகிறோம், நேராகப் பக்கவாட்டில் வைக்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்வாக. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பார்க்கிறோம். சிவந்த இடத்தை விரலால் அமுக்கி, வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது புண்ணின் தொடக்கம் என்று தெரிந்துகொண்டோம். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பதை விட்டோம். வளையத் தலையணையும் வேண்டாம் என்று தூக்கிப் போட்டாயிற்று. கைத்தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில், நல்ல கால் பக்கத்துக் கையில். படி ஏற நல்ல கால் முன்னே, இறங்க நோகிற கால் முன்னே. அடி ரப்பர் தேய்ந்தால் உடனே வேறு.

ரத்தம் எடுக்கும் லேப் பெண்ணுக்கு: வெறும் வயிற்றில் வருகிற இன்சுலின்காரர்களை வரிசையில் முன்னால் கூப்பிடுகிறாயே, நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. ஊசி போட்டுவிட்டு வராதீர்கள், டிபனைக் கையோடு எடுத்து வாருங்கள் என்று போனிலேயே சொல்லிவிடுகிறாய்.

கடைசியாகத் தெருவைக் கூட்டும் அண்ணன் அக்காமார்களே. சர்க்கரைக்காரர் வீட்டிலிருந்து தினமும் ஊசி குப்பைக்குப் போகிறது. கையுறையைத் தாண்டி அது உங்கள் விரலில் ஏறினால் என்ன ஆகும் என்று ஒரு அக்கா கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. வீட்டு ஊசியைத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். இப்போது துணிசோப்புத் திரவம் வந்த கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசி முனை கீழே போகப் போடுகிறோம். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, பெரிய எழுத்தில் 'ஊசி' என்று எழுதி உங்கள் கையில் தனியாகத் தருகிறோம். மற்றக் குப்பையை நீங்கள் பயமில்லாமல் கிளறலாம்.