எப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) மறுசோதனையை எங்கள் பட்டறைகள் இருக்கும் இடத்திலேயே நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஒரே ஒரு லாரி வைத்து, அதைத் தானே ஓட்டிப் பிழைப்பவன்,
புறவழிச்சாலை லாரிப்பேட்டை.

பெறுநர்:
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.

பொருள்: லாரிகளின் தகுதிச் சான்றுச் சோதனை தானியங்கி மையத்துக்கு மாறியதால் ஏற்பட்டுள்ள இன்னல் – மறுசோதனையை உள்ளூரில் நடத்த வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அளித்த இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது மூன்றாவது மனு. முதலாவதை நேரில் கொடுத்து முத்திரை பெற்றேன். இரண்டாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. மீண்டும் தொந்தரவு செய்வதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஆய்வாளருக்குப் பதில் இயந்திரமே பார்க்கும் தானியங்கிச் சோதனையை நான் எதிர்க்கவில்லை. கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம் என்று அறிவித்து, பிறகு 2024 அக்டோபர் 1 என்று தள்ளிவைத்த நாளிலிருந்தே நாங்கள் இதற்கு மனத்தளவில் தயாராகிவிட்டோம். உருளைமேல் சக்கரத்தை ஏற்றி, இடப்பக்க பிரேக் எவ்வளவு பிடிக்கிறது, வலப்பக்கம் எவ்வளவு என்று எண்ணிக்கையில் காட்டுவது நல்லதுதான். மலைப்பாதையில் பாரத்தோடு இறங்குகிறவன் நான். பிரேக்கின் அருமை எனக்குத் தெரியும். என் குறை வேறு. தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. என் வண்டிக்கு வயது 11. எட்டு ஆண்டைத் தாண்டிய வண்டி என்பதால் ஆண்டுதோறும் எப்.சி. காட்ட வேண்டும். இப்போது எனக்கு ஒதுக்கப்படும் மையம் எங்கள் பேட்டையிலிருந்து 112 கிலோமீட்டர். காலி வண்டியாகப் போய், காலி வண்டியாகவே திரும்ப வேண்டும். டீசலுக்கு மட்டும் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது.

2. தாங்கள் எங்கள் பகுதியை அறிந்தவர். பழைய எப்.சி. மைதானத்தின் வாசலில் என்னென்ன கடைகள் இருந்தன என்பது தங்களுக்கு நினைவிருக்கும். வலப்புறம் எலக்ட்ரீஷியன், அடுத்து ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறை, எதிரில் ஒளிரும் பட்டை ஒட்டும் கடை, வேப்பமரத்தடியில் பெயிண்டர். ஆய்வாளர் ஒரு குறை சொன்னால் வண்டியை வெளியே எடுத்துச் சரிசெய்து, மாலைக்குள் மீண்டும் காட்டிவிடுவோம். புதிய மையம் இருப்பதோ பொட்டல் காட்டில். சுற்றிலும் ஒரு பஞ்சர் கடைகூடக் கிடையாது.

சென்ற மாதம் விடியற்காலை நான்கு மணிக்குப் போய் வரிசையில் நின்றேன். மதியம் இரண்டு மணிக்கு என் முறை வந்தது. பிரேக் தேறியது, புகை தேறியது, ஸ்டியரிங் தேறியது. இடது முகப்பு விளக்கின் ஒளி அளவுக்கு மேல் உயர்ந்து அடிக்கிறது என்று இயந்திரம் காட்டியது. மறுக்கவில்லை. விளக்குக்குப் பின்னால் ஒரு சிறு திருகு இருக்கிறது ஐயா. அதைச் சுற்றில் பாதி திருப்பினால் ஒளி இறங்கிவிடும். என் கிளீனர் பையன் அங்கேயே, அந்த வாசலிலேயே திருப்பிவிட்டான். இன்னொரு முறை பாருங்கள் என்று கேட்டேன். மறுசோதனைக்குக் கட்டணம் கட்டி, புதிதாக நேரம் பதிவுசெய்துகொண்டு வாருங்கள் என்றார்கள். கிடைத்த தேதி ஒன்பது நாள் கழித்து.

அந்த ஒன்பது நாளுக்குள் எப்.சி. முடிந்துவிட்டது. எப்.சி. இல்லாத வண்டியைச் சாலையில் எடுக்க முடியாது. விபத்து என்றால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. கர்நாடகத்தின் தாவணகெரேயில் மக்காச்சோள லோடு பேசி வைத்திருந்தேன். கோழித்தீவன ஆலைக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டார். எட்டு வருடப் பழக்கம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோழிக்குத் தீவனம் வேண்டுமே.

3. எப்.சி. முடிந்தபின் தாமதமாகும் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். தேதி கொடுத்தது மையத்தார். காத்திருந்தது நான். கட்டணம் எதற்கு என்னிடம்?

4. மறுசோதனையிலும் தேறாவிட்டால் வண்டியை ஆயுள் முடிந்த வாகனம் என்று அறிவிக்க விதியில் இடம் இருக்கிறது. ஒன்பது நாளும் இதை நினைத்து நான் உறங்கவில்லை. 112 கிலோமீட்டர் குண்டும் குழியுமான சாலையில் வண்டி குலுங்கிக்கொண்டே போகும்போது, திருத்திய விளக்கு மீண்டும் அசைந்துவிட்டால் என்ன செய்வேன்? இன்னும் 14 தவணை பாக்கி இருக்கிற வண்டி அது. மகளின் கல்லூரிக் கட்டணம் அதன் சக்கரத்தில்தான் ஓடுகிறது. வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி, இறங்கி, அந்த விளக்கைக் கையால் தொட்டுப் பார்த்தேன். மறுசோதனையில் தேறியது. ஆனால் ஒரு திருகுக்காக ஒரு குடும்பம் இப்படி நடுங்க வேண்டுமா ஐயா?

5. ஐம்பது லாரி வைத்திருப்பவர் ஒரு வண்டி நின்றால் மற்றொன்றை அனுப்புவார். நான் எதை அனுப்புவேன்? இதைத்தான் முதல் மனுவில் கேட்டேன். இரண்டாவது மனுவிலும் கேட்டேன். முடியாது என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாமே! எழுதக்கூடாதா?

கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். நான் கேட்பது இவ்வளவுதான். விளக்கு, ஒளிரும் பட்டை, வைப்பர் போன்ற சிறு குறைகளுக்கான மறுசோதனையைப் பழைய மைதானத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரே பார்த்து முடிக்க அனுமதி பெற்றுத் தர வேண்டும். அது ஆகாது என்றால், மையத்திலாவது அன்று மாலைக்குள் மறுபடி காட்ட வழி செய்ய வேண்டும். எப்.சி. முடியும் முன்பே விண்ணப்பித்தவருக்கு, தேதி தாமதமாகக் கிடைத்த நாட்களுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. எங்கள் பகுதிக்கு அருகிலேயே ஒரு மையம் அமையவும் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கு எப்.சி. அவரும் ஒற்றை வண்டிக்காரர்தான். அதற்கு முன்பாவது பதில் தருமாறு பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், ஒப்புகை அட்டை, இரண்டு சோதனை முடிவுத் தாள்கள், கூடுதல் கட்டண ரசீது.