பாலருவியில் வரும் முட்டைகள்

புளியரை
ஆவணி 6

அன்புள்ள பகவதிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் கோழி, மிச்சம் அண்ணனின் முழங்கால் வலி. மகன் வீட்டோடு பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குப் போனவள் இப்படிக் கோழிக்காரி ஆவாய் என்று யார் நினைத்தார்கள்? விடுதி மாடத்தில் புறா முட்டையிட்டதற்கு அறையையே மாற்றிக் கேட்டவள் நீ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கோழிக்குச் சீக்கு ஒன்றும் இல்லை, அது குஞ்சு பொரிக்க அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. முட்டையிட உட்கார்ந்த கோழி என்றால் வேலை முடிந்ததும் எழுந்து கொக்கரித்து ஊரைக் கூட்டிவிடும். ராத்திரியும் மற்றதுகளோடு ஏறி அடையாமல் பெட்டியிலேயே கிடக்கிறது, கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு உறுமிக் கொத்த வருகிறது, நெஞ்சு இறகைப் பிடுங்கிப் போட்டிருக்கிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறாயே, அப்புறம் என்ன சந்தேகம்? உடம்புச் சூடு நேராக முட்டையில் படுவதற்குத்தான் அந்த வெறும் தோல். கொண்டை வெளுப்பதும் எடை குறைவதும் அடைக்கோழிக்கு வழக்கம்தான். வைத்தியம் பார்க்கிறேன் என்று வாயில் எதையும் ஊற்றிவிடாதே.

ஆனால் அடியில் வைத்திருப்பது கடை முட்டை என்று எழுதியிருந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். நாமக்கல் பண்ணைக் கூண்டில் இருக்கிற கோழி சேவலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. உன் கோழி ஓணத்திலிருந்து விஷு வரைக்கும் கிடந்தாலும் அதில் குஞ்சு வராது. இப்போதைக்கு எடுத்துவிடாதே. அடியில் ஒன்றுமே இல்லாவிட்டால் சில கோழிகள் அடையை விட்டு எழுந்துவிடும். நல்ல முட்டை வந்து சேரும்வரை அதுகள் கிடக்கட்டும்.

நல்ல முட்டையை நான் அனுப்புகிறேன். அக்கா மகன் வருகிற புதன்கிழமை ராத்திரி செங்கோட்டையில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறுகிறான். மறுநாள் மத்தியானம் போல் பாலக்காடு வந்துவிடுவான். எல்லாம் என் சிறுவிடை நாட்டுக்கோழிகள் இட்டவை, சேவல் கூடவே திரிகிறது. ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாகத்தான் பொறுக்கி வைக்கிறேன். பத்து நாளுக்கு மேல் பழசானால் பொரிப்பது குறைந்துபோகும். உன் கோழி சின்ன உடம்பு என்பதால் 10 போதும். ஆனால் எங்கள் ஆச்சி ஒற்றைப்படையில்தான் அடை வைப்பார்கள், அதனால் 11. ஒன்று வழியில் உடைந்தால் ஆச்சிதான் கோபித்துக்கொள்வார்கள், கோழிக்குக் கணக்குத் தெரியாது.

முட்டை வந்த உடனே கோழிக்கு அடியில் தள்ளிவிடாதே. 1904இல் போட்ட மலை ரயில்பாதை அது. 2018இல் அகலப்பாதையாகி முழுசாகத் திறந்துவிட்டாலும் புனலூர் வரைக்கும் வளைவும் குகையும்தான். பதிமூன்று கண் பாலத்தை அவன் தூக்கத்தில் கடப்பான், முட்டைகள் எல்லாக் குலுக்கலையும் வாங்கிக்கொண்டுதான் வரும். கூர்முனை கீழே இருக்கும்படி உமியில் பதித்துத் தருகிறேன். அப்படியே நிழலில் ஒரு நாள் இருக்கட்டும். அகல முனையில் இருக்கும் காற்றறை குலுக்கலில் ஆடியிருக்கும், அது நிலைக்கு வர வேண்டும். குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது, கழுவவும் கூடாது. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உண்டு. கழுவினால் அது போய்க் கிருமி உள்ளே இறங்கிவிடும். மறுநாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கையால் கடை முட்டையை எடுத்து மறு கையால் இதை வை. எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றிவிடு. இன்றைக்கு நாலு, நாளைக்கு நாலு என்று வைத்தால் முதல் குஞ்சு பொரித்ததும் கோழி அதன் பின்னால் போய்விடும், மிச்ச முட்டை குளிர்ந்து கெடும். அப்புறம் ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிடு. அடைக்கோழி எழுந்துபோன நேரத்தில் வேறு கோழி வந்து அதே பெட்டியில் முட்டையிட்டுவிட்டுப் போவது சகஜம். வட்டம் இல்லாததை எடுத்துவிடலாம்.

முட்டை மாற்றுகிற அன்றைக்கே பெட்டியையும் மாற்று. அட்டைப்பெட்டி வேண்டாம், ஈரத்தில் தொய்ந்துவிடும். பனையோலையில் முடைந்த பழைய கடகப்பெட்டி கிடைத்தால் நல்லது. அடியில் மணல், அதன்மேல் உலர்ந்த நொச்சி இலையோ வேப்பிலையோ, மேலே நடுவில் குழிவாக வைக்கோல். செள்ளுப் பூச்சிதான் அடைக்கோழிக்கு முதல் எதிரி. ராத்திரியில் மேலேறி ரத்தம் குடிக்கும். கோழி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் முட்டையை விட்டு எழுந்து போய்விடும், கோழிக்குப் பொறுப்பில்லை என்று நாம் பழி போடுவோம். பக்கத்தில் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி வைத்துவிடு, அதில் புரண்டு தானே உதறிக்கொள்ளும்.

உன் மருமகள் வீட்டார் பெட்டியில் இரும்பு ஆணியும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் போடச் சொன்னார்களாமே. எங்கள் பக்கமும் அந்தப் பழக்கம் உண்டு, இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும் என்பார்கள். போட்டால் ஒன்றும் கெடாது, போடு. சம்பந்தி வீட்டுப் பேச்சைத் தட்டிய மாதிரி ஆக வேண்டாம். ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூமுட்டை ஆவது சேவல் சேராத முட்டையாலும், கோழி எழுந்துபோய்ச் சூடு விட்டுப்போவதாலும்தான்.

தினசரி வேலை கொஞ்சம்தான். பகலில் ஒரு தடவை, கால் மணி நேரம் இருபது நிமிஷம் கோழி எழுந்து வரும். தின்னும், தண்ணீர் குடிக்கும், நாற்றம் பிடித்த பெரிய எச்சமாகப் போடும், புரளும், திரும்பிப் போய்விடும். அந்த நேரத்துக்குக் கம்பு, சோளம், நெல் என்று முழுத்தானியமும் தண்ணீரும் எட்டுகிற இடத்தில் இருந்தால் போதும். சில கோழிகள் பிடிவாதமாக எழவே எழாது. அப்படியானால் நீயே தூக்கி இறக்கிவிடு. தூக்குவதற்கு முன் சிறகுக்குள் விரலை விட்டுப் பார், முட்டையை இடுக்கிக்கொண்டிருக்கும். முட்டையைப் புரட்டுவது, நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் மாற்றுவது எல்லாம் அதன் வேலை. சூடு குறைகிறதோ கூடுகிறதோ என்று நீ தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஏட்டி, உன்னை எனக்குத் தெரியும், அரிசி வெந்ததா என்று பத்துத் தடவை மூடியைத் திறக்கிறவள். பேரனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவனுக்கு ஏழாம் நாள் ராத்திரி ஒரு வேலை கொடு. இருட்டில் மொபைல் டார்ச்சின் மேல் முட்டையின் அகல முனையை வைத்தால், கரு பிடித்த முட்டையில் ஒரு புள்ளியிலிருந்து சிவப்பு நரம்புகள் சிலந்திக் கால் மாதிரி ஓடும். வெறுமனே மஞ்சளாகத் தெரிவதை எடுத்துவிடுங்கள், பின்னால் வெடித்து நாறும்.

உன் ஊர்க் காற்றைத்தான் யோசிக்கிறேன். பேருக்குக் கேரளம், ஆனால் சித்தூர்ப் பக்கம் மழை மறைவு. கணவாய்க் காற்று எல்லாவற்றையும் காயவைத்துவிடும். ஓடு வழியாக ஈரம் அளவுக்கு மேல் போனால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும், உடைத்து வர முடியாது. ஆகவே கடைசி மூன்று நாளும் பெட்டியைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளி. முட்டை மேல் தெளிக்காதே. எனக்கு இங்கே நேர்மாறான தொல்லை. ஆரியங்காவு வழியாக வருகிற சாரலில் வைக்கோலே பூத்துப்போகிறது, மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

18ஆம் நாளுக்கு மேல் முட்டையைத் தொடவே கூடாது. அப்போது காதை வைத்துக் கேட்டால் உள்ளே குஞ்சு கத்துவது கேட்கும். கோழியும் தணிந்த குரலில் பதில் சொல்லும். 20, 21ஆம் நாள் ஓட்டில் சின்னக் கீறல் விழும். கீறல் விழுந்ததிலிருந்து வெளியே வர ஒரு நாள் முழுசும்கூட ஆகலாம். அந்த ஒரு நாளில்தான் நம்மவர்கள் பொறுக்க மாட்டாமல் ஓட்டை உரித்துக் குஞ்சைக் கொல்லுகிறார்கள். உள்சவ்வில் ரத்தக்குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபட்டு முடிந்திருக்காது. உரித்தால் ரத்தம் கொட்டும். நீ பார்க்க வேண்டியது எறும்பைத்தான். கீறல் விழுந்த முட்டைக்குள் எறும்பு புகுந்தால் குஞ்சு தப்பாது. பெட்டியை ஒரு ஸ்டூல் மேல் தூக்கி வைத்து, நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்துவிடு. முதல் குஞ்சுகள் வெளியே வந்ததும் தரைக்கு இறக்கிவிடலாம்.

உள்ளே இழுத்த அந்த மஞ்சள் கரு குஞ்சுக்கு இரண்டு நாள் வரை தாங்கும். அதனால் முதல் நாளே தீனி தீனி என்று அலைய வேண்டாம். முதலில் தண்ணீர். தட்டையான தட்டில் கூழாங்கல் போட்டு வை, இல்லாவிட்டால் முங்கிச் சாகும். தரையில் செய்தித்தாள் விரிக்காதே, வழுக்கிக் கால் அகன்றுபோகும். உமியோ சாக்கோ போடு. தீனிக்கு அரிசிக் குருணை மட்டும் போட்டு வளர்க்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. குஞ்சுக்குப் புரதம் வேண்டும். கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனம் முதல் மாதத்துக்காவது கொடு. அதோடு கறையான். பழைய பானையில் கந்தல் சாக்கு, ஓலைத்துண்டு, காய்ந்த சாணம் போட்டுத் தண்ணீர் தெளித்து, புற்று இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வை. விடியும்போது பானை நிறைய இருக்கும். தென்னந்தோப்புக்காரர்கள் உனக்குக் காலில் விழாத குறையாக இடம் காட்டுவார்கள்.

கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரக் கூடை ஒன்று வாங்கிவிடு. தாயை உள்ளே கவிழ்த்து வைத்தால் குஞ்சுகள் இடுக்கு வழியே வெளியே வந்து மேய்ந்துவிட்டு உள்ளே ஓடிவிடும். தீனியை வெளியே வைத்தால் தாய் தின்று தீர்க்காது. பருந்து, காக்கா, கீரி மூன்றுக்கும் அதுவே காவல். கொழுந்தனார் மகன் இன்குபேட்டர் வாங்கி வைத்திருக்கிறான். 37.5 டிகிரியில் அழகாகப் பொரித்துத் தருகிறது, நான் குறை சொல்லவில்லை. அப்புறம் முதல் வாரம் 35 டிகிரி, வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்து என்று பல்பு போட்டுக்கொண்டு கரண்ட் போனால் அவன் தவிக்கிற தவிப்பைப் பார்க்க வேண்டுமே.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குச் சொட்டு மருந்து, மறந்துவிடாதே. கண்ணில் ஒரு சொட்டு. அந்த நோய் வந்தால் மிச்சம் வைக்காது, வந்த பிறகு மருந்தும் கிடையாது. குப்பி நூறு குஞ்சுக்குக் குறையாமல்தான் வரும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் அக்கம்பக்கத்தில் குஞ்சு இருக்கிற வீடுகளைச் சேர்த்துக்கொள். ஐஸில் வைத்தே கொண்டுவா. இன்னொன்று, பின்னால் நீ எனக்குக் கோழி அனுப்ப ஆசைப்பட்டால் முதலில் செய்தியைப் பார். 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தபோது இங்கே சோதனைச் சாவடியில் வண்டிச் சக்கரத்துக்கெல்லாம் மருந்தடித்தார்கள். கேரளத்திலிருந்து கோழியோ முட்டையோ இந்தப் பக்கம் வர விடவில்லை.

இங்கே சேதி பெரிதாக இல்லை. குற்றாலத்தில் இன்னும் தண்ணீர் விழுகிறது, கூட்டமும் குறையவில்லை. மேக்கரை, வடகரைப் பக்கம் யானை தோப்புக்குள் இறங்கித் தென்னையைச் சாய்க்கிறது என்று ராத்திரி வெடிச்சத்தம் கேட்கிறது. ஓணத்துக்கு வைக்கோல் லாரியும் காய்கறி லாரியும் சாவடியில் வரிசையாக நிற்கின்றன. மாமனார் சாகும்வரைக்கும் திருவிதாங்கூர்க் கதைதான் பேசுவார். எங்கள் பகுதி 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நீ இப்போது அந்தப் பக்கம் போய்க் கணக்கைச் சரிசெய்துவிட்டாய் போலிருக்கிறது. அண்ணன் தினமும் சாயங்காலம் கள்ளுக்கடைப் பக்கம் நடக்கப் போகிறார் என்று எழுதியிருந்தாய். முழங்கால் வலிக்காரர் அவ்வளவு தூரம் நடக்கிறார் என்றால் நல்லதுதானே.

முட்டையை மர டப்பாவில் வைத்துத் தருகிறேன், அது என் அம்மா கொடுத்தது, பத்திரம். பையன் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறான். அதற்குள் முட்டையைக் கோழிக்கு அடியில் மாற்றியிருப்பாய், டப்பாவை அவன் கையிலேயே கொடுத்துவிடு. காலியாக அனுப்பாதே, நேந்திரங்காய் வறுவல் போட்டு அனுப்பு. சர்க்கரை வரட்டி வேண்டாம், உப்புப் போட்டதுதான்.

உன்
செண்பகம்