படத்தில் இல்லாத பிள்ளைகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், அதனுடன் நீ அனுப்பியிருந்த ஆய்வேட்டின் நான்காம் இயலும் சென்ற வாரம் வந்து சேர்ந்தன. வலது கண்ணில் கண்புரை அறுவை முடிந்து இருபது நாள்தான் ஆகிறது என்பதால் உடனே படிக்க இயலவில்லை. மருத்துவர் அனுமதித்த பிறகு, ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்ற கணக்கில் படித்து முடித்தேன். உன் மேற்பார்வையில் ஆய்வு செய்யும் அந்தப் பெண் நன்றாக உழைத்திருக்கிறாள். ஊர் ஊராகப் போய், வீடு வீடாகக் கேட்டு, பள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதியிருப்பது பின்னிணைப்பைப் புரட்டினாலே தெரிகிறது. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த தரவைப் படமாக்கும் இடத்தில் கோட்டை விட்டிருக்கிறாள் என்பதுதான் என் வருத்தம்.

பெரிய குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தூரம் கூடினால், எட்டாம் வகுப்புக்குப் பின் பெண்பிள்ளைகளின் இடைநிற்றல் கூடுகிறதா என்பதே அவளுடைய கேள்வி. அதற்கு விடையாக அவள் வரைந்திருக்கும் பட்டை வரைபடத்தில், படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகள் மட்டும் தூரவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்கும், ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் பட்டை ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறது. ஆகவே தூரத்துக்கும் இடைநிற்றலுக்கும் தொடர்பில்லை என்று முடித்துவிட்டாள். பள்ளிக்கு அருகில் மொத்தம் எத்தனை பிள்ளைகள் குடியிருக்கிறார்கள், தொலைவில் எத்தனை பேர், அவர்களில் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அந்தப் படத்தில் இல்லவே இல்லை. அருகில் நூறு பேர் இருந்து அவர்களில் பத்துப் பேர் நின்றுவிட்டாலும், தொலைவில் பன்னிரண்டு பேரே இருந்து அவர்களில் பத்துப் பேர் நின்றுவிட்டாலும், அவள் வரைந்த பட்டைக்கு உயரம் ஒன்றுதானே?

இதைப் படித்ததும் எனக்குச் சேலஞ்சர் விண்வெளி ஓடம் நினைவுக்கு வந்தது. 1986 ஜனவரி 28 அன்று, ஏவப்பட்ட 73 நொடிகளில் அது சிதறி, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். பல துண்டுகளாகச் செய்து இணைக்கப்பட்ட அதன் பக்கவாட்டு ராக்கெட்டுகளின் மூட்டுகளில், சூடான வாயு கசியாமல் அடைப்பதற்கு ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள் இருந்தன. குளிரில் ரப்பர் விறைத்துவிடும் என்று ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் அஞ்சினார்கள். முந்தைய நாள் இரவு நாசா அதிகாரிகளுக்குத் தொலைநகலில் 13 தாள்களை அனுப்பிவிட்டு, தொலைபேசியில் நெடுநேரம் வாதாடினார்கள். 53 பாகை பாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய 12 செல்சியசுக்குக் கீழே, ஏவ வேண்டாம் என்பது அவர்கள் முதலில் சொன்ன கருத்து. கடைசியில் அவர்களுடைய மேலாளர்களே அதை மாற்றி ஏவலாம் என்று கூறிவிட்டார்கள்.

விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் தன் அறிக்கையில் இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறது. நேற்று மாலை அவ்விரண்டையும் நானே வரைபடத்தாளில் பென்சிலால் வரைந்து பார்த்தேன். கிடை அச்சில் மூட்டின் வெப்பநிலை, நிலை அச்சில் வளையச் சேதங்களின் எண்ணிக்கை. முதல் படத்தில் சேதம் ஏற்பட்ட ஏழு பயணங்கள் மட்டும் வருகின்றன. 53 பாகையிலும் சேதம், 75 பாகையிலும் சேதம், இடையிலும் சேதம். குளிருக்கும் சேதத்துக்கும் ஒட்டோ உறவோ இருப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள். உன் மாணவி வரைந்திருப்பதும் இந்த முதல் படத்தைத்தான். பிறகு, சேதமே ஏற்படாத பதினேழு பயணங்களையும் அதே தாளில் சுழியக் கோட்டின் மேல் குறித்தேன். அத்தனையும் 66 பாகைக்கும் அதற்கு மேலும் வலப்பக்கம் போய் நெருக்கமாக உட்கார்ந்துகொண்டன. 63 பாகை வரை நான்கு பயணங்கள், நான்கிலும் சேதம். 66 பாகையும் அதற்கு மேலும் இருபது பயணங்கள், சேதம் மூன்றில் மட்டும். விபத்து நாளில் ஏவுதளத்தருகே காற்றின் வெப்பநிலை 36 பாகை. அதற்கு முன் மிகவும் குளிரான நாளில் ஏவியபோது இருந்த காற்றின் வெப்பநிலையை விடப் பதினைந்து பாகை குறைவு. அந்த 36 என் தாளின் இடது ஓரத்தில், மற்ற எல்லாப் புள்ளிகளையும் விட்டு வெகு தொலைவில், தனியாகக் கிடந்தது.

இந்தப் படம் ஒன்று அன்றிரவு கையில் இருந்திருந்தால் ஏழு உயிர்களும் பிழைத்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பொறியாளர்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். கேட்க மனமில்லாதவருக்கு எந்தப் படமும் காது தராது. ஆனால் நம் ஆய்வாளர் தன்னையே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பதற்கு, ஒன்றும் நடக்காத இடங்களையும் படத்தில் சேர்த்தே ஆக வேண்டும். நல்லவேளையாக, தொடர்ந்து படிக்கும் பிள்ளைகளின் விவரமும் அவளுடைய பின்னிணைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு தூரப் பிரிவிலும் நூற்றுக்கு எத்தனை பேர் நின்றார்கள் என்று கணக்கிட்டு, பிரிவின் மொத்த எண்ணிக்கையையும் பட்டையின் அடியில் எழுதிவிட்டால் போதும். முடிவு மாறுமா, மாறாதா என்பது அப்போது தெரிந்துவிடும். நான் முன்கூட்டிக் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. அது அவள் செய்ய வேண்டிய வேலை.

அவளை மட்டும் குறை சொல்வது முறையாகாது என்பதால் என் கதை ஒன்றையும் கேள். பணியில் இருந்தபோது ஓர் அலுவலகத்துக்காகத் தமிழ்நாட்டின் எழுத்தறிவு பற்றி அறிக்கை தயாரித்தேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2001இல் 73.45 விழுக்காடு, 2011இல் 80.09 விழுக்காடு. வேறுபாடு பளிச்சென்று தெரியட்டும் என்று நிலை அச்சை 70இல் தொடங்கினேன். அப்படித் தொடங்கினால் முதல் பட்டைக்கு மூன்றரை அலகு உயரம், இரண்டாவதற்குப் பத்து அலகு. கூட்டத்தில் ஒரு பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பத்தே ஆண்டில் எழுத்தறிவு மூன்று மடங்காகிவிட்டதா?" என்று மகிழ்ச்சியோடு கேட்டார். அவருக்குக் கண்ணும் சரியாக இருந்தது, கணக்கும் சரியாக வந்தது. ஏமாற்றியது நான் வரைந்த பட்டைதான். பட்டையின் முழு நீளத்தையும் கண் அளக்கிறது, ஆகவே பட்டை வரைபடம் சுழியத்தில் தொடங்கியே தீர வேண்டும். கோட்டு வரைபடத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே கண் பார்ப்பது சரிவை.

அவளுடைய வட்ட விளக்கப்படங்கள் பற்றியும் இரண்டு வார்த்தை. பெற்றோரின் தொழிலை ஒன்பது துண்டுகளாக, ஒன்பது நிறங்களில், பருமனுள்ள தட்டைச் சாய்த்து வைத்தாற்போல் வரைந்திருக்கிறாள். சாய்த்தால் முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகத் தோன்றும். கோணத்தை விட, ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளின் உயரத்தைத்தான் மனிதக் கண் சரியாக ஒப்பிடுகிறது என்று கிளீவ்லேண்ட், மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1984இலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். இதற்கு மேல் ஒரு வேடிக்கை: நீ எனக்கு அனுப்பியது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். ஒன்பது நிறமும் ஒரே சாம்பலாகிவிட்டன; பக்கத்தில் இருக்கும் நிறக்குறிப்பை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தும் கட்டடத் தொழிலாளி எது, நெசவாளர் எது என்று எனக்குத் தெரியவில்லை. தேர்வாளர்களுக்கும் இதே ஜெராக்ஸ்தான் போகும் என்றால், பெயர்களைப் பட்டைகளின் பக்கத்திலேயே எழுதச் சொல். அச்சுக்குப் பெயரும் அலகும் எழுதாத படத்துக்கு நம் செய்முறை ஏட்டில் சுழியம் விழுமே, அந்தக் கண்டிப்பை நீ அவளிடம் கொஞ்சம் காட்டலாம்.

நடையைப் பற்றி நீ தனியாகக் கேட்டிருந்தாய். ஒவ்வோர் அட்டவணைக்குக் கீழும் "மேற்கண்ட அட்டவணையிலிருந்து அறிய வருவது யாதெனில்" என்று தொடங்கி, அட்டவணையில் உள்ள எண்களை வரிசை மாறாமல் மறுபடி ஒப்பிக்கிறாள். இது அவளாகக் கண்டுபிடித்த பழக்கம் அன்று. முந்தைய ஆய்வேடுகளைப் பார்த்து எழுதியது. எண்கள் அட்டவணையில் இருக்கட்டும். கீழே வரும் பத்தி, அவற்றில் எது எதிர்பார்த்தது, எது எதிர்பாராதது, அதற்கு ஊரில் என்ன காரணம் சொன்னார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பேருந்து நின்றுபோன ஊரைப் பற்றி ஒரு தாய் சொன்னதைப் பின்னிணைப்பில் புதைத்து வைத்திருக்கிறாள். அது நான்காம் இயலின் நடுவில் வர வேண்டியது. பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் ஒருவரை 8.33 விழுக்காடு என்று எழுதுவதையும் விட்டுவிடச் சொல். பன்னிரண்டில் ஒருவர் என்றாலே போதும். அந்தத் தசமப் புள்ளி, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறது. ஆய்வுச் சுருக்கத்தை இப்போதே எழுதி வைத்திருக்கிறாள், அதையும் படங்களைத் திருத்திய பிறகு புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

அவள் மனம் தளர்ந்துவிடாதபடி இவற்றை நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான் வரைந்த இரண்டு தாள்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் தாளை மட்டும் அவளிடம் கொடுத்து, குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேள். அவள் விடை சொன்ன பிறகு இரண்டாவதைக் கொடு. இடது கண்ணின் அறுவை அடுத்த மாதம் என்கிறார்கள். திருத்திய நான்காம் இயலை அதற்குள் அனுப்பினால் ஒற்றைக் கண்ணாலாவது படித்து வைப்பேன். இந்த முறை எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கட்டும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்