'லே ஆஃப்' வேறு, ஆட்குறைப்பு வேறு: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

அன்புடையீர்,

ஒரு கம்பெனி 500 பேரை வீட்டுக்கு அனுப்பினால், உங்கள் தலைப்பில் ஒருநாள் 'லே ஆஃப்', மறுநாள் 'பணிநீக்கம்', அதற்கடுத்த நாள் 'ஆட்குறைப்பு' என்று வருகிறது. மூன்றும் ஒன்றல்ல. தொழிலாளிக்கு எவ்வளவு பணம் வரும், வருமா வராதா என்பதே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

இந்தியச் சட்டத்தில் லே ஆஃப் தற்காலிகமானது. கரண்ட் இல்லை, மூலப்பொருள் இல்லை, இயந்திரம் பழுது, சரக்கு தேங்கிவிட்டது என்று ஏதோ ஒரு காரணத்தால் முதலாளியால் வேலை கொடுக்க முடியவில்லை. ஆனால் தொழிலாளியின் பெயர் மஸ்டர் ரோலில், அதாவது ஆலையின் வருகைப் பதிவேட்டில், அப்படியே இருக்கும். 50 பேருக்குக் குறையாத ஆலையில் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் 50 சதவீதம் உண்டு. அதற்கு அவர் தினமும் ஒருமுறையாவது குறித்த நேரத்துக்கு ஆலைக்கு வந்து நிற்க வேண்டும். வராத நாளுக்குக் காசு இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் கொடுத்த இந்தப் பொருளை, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் மாற்றவில்லை. அமெரிக்கக் கம்பெனி அறிக்கைகளில் வரும் லே ஆஃப் வேறு. அங்கே பெரும்பாலும் போனவர் போனவர்தான்.

நீங்கள் சொல்ல வருவது பெரும்பாலும் ரெட்ரெஞ்ச்மென்ட், அதாவது தண்டனையாக இல்லாமல் ஆளை வேலையைவிட்டே அனுப்புவது. அதற்குத் தொழிற்சங்கங்கள் காலங்காலமாகப் புழங்கும் சொல் 'ஆட்குறைப்பு'. 'பணிநீக்கம்' என்றதும் குற்றச்சாட்டு, விசாரணை என்றுதான் வாசகர் நினைப்பார். தவறே செய்யாதவர்மேல் அதை ஏன் ஒட்ட வேண்டும்?

ஆட்குறைப்பு இழப்பீட்டுக் கணக்கைப் பாருங்கள். சராசரி மாதச் சம்பளம் 30,000 ரூபாய், சர்வீஸ் 8 வருடம் 7 மாதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு வருடமாகச் சேர்வதால் 9 வருடம். வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அதாவது 15,000. ஆக 1,35,000 ரூபாய். (இங்கே மாதத்துக்கு 30 நாள்தான், 26ஆல் வகுப்பது கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு.) இதுபோக குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். புதிய தொகுப்பின்படி, மறுதிறன் நிதியிலிருந்து (ஆட்குறைப்புக்கு ஆளானவர்களுக்கான நிதி) கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாளுக்கானது 45 நாளுக்குள் அவர் கணக்கில் விழ வேண்டும். ஒரே வகை வேலை பார்ப்பவர்களில் கடைசியில் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும். மாற்றினால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.

இதிலிருந்து நழுவத்தான் 'ரைட்சைசிங்', 'ரீஸ்ட்ரக்சரிங்' என்ற பூசிமெழுகும் சொற்கள் எல்லாம். மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, 'சொந்தக் காரணங்களுக்காக' என்று ஒரு ராஜினாமாவை அடிக்கச் சொல்வார்கள். கையெழுத்து விழுந்ததும் அது ஆட்குறைப்பே இல்லை என்று கம்பெனி வாதிடும். கிராஜுவிட்டி தங்கும், அந்த 1,35,000 போய்விடும். 'டீம் லீட்' என்று விசிட்டிங் கார்டில் இருப்பதால் அவர் சட்டப்படி தொழிலாளி இல்லை, இழப்பீடும் கிடையாது என்றும் சொல்வார்கள். பதவிப் பெயரல்ல, உண்மையில் செய்த வேலைதான் அதைத் தீர்மானிக்கும்.

ஆகவே அடுத்த முறை செய்தி வந்தால், எழுதுமுன் கம்பெனியிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். போனவர்களின் பெயர் மஸ்டர் ரோலில் இருக்கிறதா? கொடுத்தது ஆட்குறைப்பு நோட்டீஸா, வாங்கியது ராஜினாமாக் கடிதமா? 300 பேருக்குக் குறையாத தொழிற்சாலை என்றால், ஆட்குறைப்புக்கு வாங்க வேண்டிய அரசின் முன் அனுமதி எந்தத் தேதியில் கிடைத்தது?